"கேஸ் போயிடுச்சும்மா!"

கூலிங் நின்ற ஃப்ரிட்ஜும் கே.கே. நகர் சமையலறைகளும்

ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணுவதை வீட்டில் முதலில் காட்டிக்கொடுப்பது இட்லி மாவுதான். ராத்திரி அரை டப்பாவாக உள்ளே போன மாவு, காலையில் மூடியை முட்டித் தள்ளிக் கீழ்த்தட்டுக் கத்திரிக்காய் மேல் வழிந்திருக்கும். பாலைக் காய்ச்சினால் திரியும். ஐஸ் ட்ரேயில் தண்ணீர் தளும்பும். உள்ளே விளக்கு மட்டும் பளிச்சென்று எரியும்.

உடனே போன் பறக்கும். சென்னை கே.கே. நகரின் முனுசாமி சாலைப் பக்கம் கடை வைத்திருப்பவருக்கோ, எதிர்வீட்டுக்காரர் கொடுத்த நம்பருக்கோ. வந்தவர் கதவைத் திறப்பார், ஃப்ரீசர் சுவரில் உள்ளங்கையை வைப்பார், பின்பக்கம் குனிந்து கம்ப்ரசரைத் தொட்டுப் பார்ப்பார். தீர்ப்பு வர இரண்டு நிமிஷம் ஆகாது. "கேஸ் போயிடுச்சும்மா. போட்டுட்டா ஜில்லுனு ஆயிடும்."

சில வீடுகளில் அது உண்மை. நிறைய வீடுகளில் அவசரத் தீர்ப்பு. சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து கேஸ் போட்டு, பத்து நாள் ஜில்லென்று இருந்து, பதினொன்றாம் நாள் மறுபடி மாவு பொங்கிய கதையை இந்தப் பகுதியில் எந்த அடுக்குமாடியில் கேட்டாலும் சொல்வார்கள்.

அடிப்படை ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், பாதிச் செலவு மிச்சம். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ், அடுப்பு சிலிண்டர் கேஸ் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. பின்பக்கக் கம்பி வலையிலோ, புது மாடல்களில் பக்கச்சுவருக்குள்ளோ ஓடும் குழாயில் அது சூட்டை விட்டுத் திரவமாகிறது. பிறகு கேபிலரி என்ற மெல்லிய குழாய்க்குள் நெருங்கிப் புகுந்து, ஃப்ரீசர் காயிலில் விரிந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேர்கிறது. மூடிய சுற்று. இருபது வருஷம் ஓடினாலும் அதே கேஸ்தான் ஓடும். உடம்பில் ரத்தம் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ காயம் இருக்கிறது என்றுதானே பொருள்? காயத்தைத் தேடாமல் ரத்தம் ஏற்றுவதுதான், லீக்கைத் தேடாமல் கேஸ் போடுவது.

சிவன் பார்க்குக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், பழைய ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் பார்த்த வேலை இது. இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். மேலே ஃப்ரீசரில் பட்டாணி கல்லாக இருக்கிறது. கீழே தயிர் புளிக்கிறது. வீட்டு அம்மாவுக்கு எழுபது வயசிருக்கும். "ஏம்ப்பா, போன மாசம்தானே வேற ஒருத்தர் வந்து கேஸ் போட்டுட்டுப் போனார்?" என்கிறார். வந்திருந்த மெக்கானிக் கேஸ் மீட்டரை பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஃப்ரீசரைக் காலி பண்ணச் சொன்னார். உள்ளே பின்பக்க பிளாஸ்டிக் பேனலின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பேனலை மெல்ல இழுத்தார். காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை, முழுக்க வெள்ளைப் பாறை. ஃபேன் இறக்கை வரை ஐஸ் வந்து தொட்டிருந்தது.

"கேஸ் ஃபுல்லா இருக்கும்மா. காத்துதான் கீழ வரல."

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் குளிர் உண்டாவது ஃப்ரீசர் பேனலுக்குப் பின்னால் மட்டும். அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் காற்றை ஊதித்தான் கீழே தள்ளுகிறது. காயிலில் படியும் பனியை அவ்வப்போது உருக்க ஒரு ஹீட்டர், எப்போது உருக்க வேண்டும் என்று சொல்ல டைமரோ போர்டோ, உருகியது போதும் என்று நிறுத்த பைமெட்டல் என்ற பொத்தான் அளவு தெர்மோஸ்டாட். இந்த மூன்றில் ஒன்று படுத்தால் பனி உருகாது. நாளுக்கு நாள் கட்டியாகிக் காற்று வழியை அடைத்துவிடும். அந்த மெக்கானிக், காயில் இன்னும் ஐஸாக இருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்தார். ஹீட்டரில் தொடர்ச்சி காட்டியது. பைமெட்டலில் காட்டவில்லை. குளிரில் அது மூடியிருக்க வேண்டும், திறந்தே கிடந்தது. அந்தப் பொத்தானை மாற்றி, வெந்நீர் ஊற்றிப் பாறையைக் கரைத்து, கீழே தண்ணீர் வடியும் துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார். பார்ட்டின் விலை, முந்தைய மாதம் கேஸுக்குக் கொடுத்ததில் சிறு பங்கு.

போன மாதம் கேஸ் போட்டதும் சில நாள் சரியானது எப்படி? வேலை செய்வதற்காக ஃப்ரிட்ஜை அணைத்துத் திறந்து போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஐஸ் உருகிக் காற்று வழி திறந்துகொண்டது. பேர் வாங்கியது கேஸ். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மேலே ஜில், கீழே சூடு என்றால், ப்ளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவைத்து ஒரு முழு நாள் விடுங்கள், அடியில் பழைய துணியைப் போட்டு. பிறகு ஓடவிட்டால் வாரக்கணக்கில் நன்றாக ஓடி மறுபடி படுக்கிறதா? டிஃப்ராஸ்ட் கோளாறு. கேஸ் என்று சொல்பவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

ஃபேனையும் காதால் கேட்டுவிட முடியும். கதவைத் திறந்ததும் நின்றுபோகும் வகையாக இருந்தால், சட்டத்தில் இருக்கும் பொத்தானை விரலால் அழுத்திப் பிடியுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது 'விர்ர்' என்று காற்று வர வேண்டும். வராவிட்டால் மோட்டாரோ ஐஸோ. இன்னொரு சங்கதி, ரொம்பச் சாதாரணமானது: காற்று வரும் ஜன்னல்களுக்கு எதிரே பொரித்த அப்பள டப்பாவையும் மூன்று நாள் சாம்பாரையும் அடுக்கி அடைத்திருப்போம். இதற்கெல்லாம் ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

கம்ப்ரசரே ஓடவில்லை என்றால் கதை வேறு. சத்தமே இல்லையா, அல்லது 'ம்ம்ம்' என்று முனகி, சில நொடியில் 'டிக்' என்று அடங்கி, சில நிமிஷம் கழித்து மறுபடி முனகுகிறதா? இரண்டாவது என்றால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். நமக்கு வர வேண்டியது 230. மே மாத இரவு பத்து மணிக்கு, தெருவில் எல்லா ஏ.சி.யும் ஒன்றாக ஓடும்போது, சில தெருக்களில் அது எங்கோ இறங்கியிருக்கும். ஓடத் தொடங்கும் நொடியில் கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. வோல்டேஜ் படுத்திருந்தால் அதனால் சுழல முடியாது, சூடாகும், பாதுகாப்புக்கு இருக்கும் ஓவர்லோடு 'டிக்' என்று வெட்டிவிடும். மூன்று ஃபேஸ் வீடுகளில் ஒரு ஃபேஸ் மட்டும் படுத்து, ஹால் விளக்கு எரிந்து, சமையலறை இருட்டாகக் கிடப்பதும் உண்டு. அந்த நேரத்தில் மெக்கானிக்கை அல்ல, மின்வாரியத்தின் மின்னகத்தைக் கூப்பிட வேண்டும்: 94987 94987.

வோல்டேஜ் சரி, ஆனாலும் முனகல் என்றால் ரிலே. கம்ப்ரசரின் இடுப்பில் செருகியிருக்கும் தீப்பெட்டி அளவுச் சாமான். கழற்றி ஆட்டிப் பார்த்தால் உள்ளே 'கலகல' என்றால் உடைந்துவிட்டது. மலிவான பார்ட். "கம்ப்ரசர் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லும் முன் மெக்கானிக் ரிலேயை மாற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். இன்வர்ட்டர் மாடல்களில் ரிலே இருக்காது, அந்த இடத்தில் போர்டு. கம்பெனி சர்வீஸில் புது போர்டுதான் போடுவார்கள். ரிச்சி தெருப் பக்கம் அதே போர்டைப் பிரித்து, கருகிய ஒரு உதிரியை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன.

கேஸ் உண்மையிலேயே போகும் வழிகளில் மிகப் பெரியது, வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும், நம் கைதான். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் புற்றாக வளர்ந்து மீன் பாக்கெட் ஒட்டிக்கொள்ளும். அவசரம். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், தோசைத் திருப்பி, எது கையில் கிடைத்ததோ அதால் ஒரு குத்து. ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் வழி ஓடுகிறது. 'உஸ்' என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் இருக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் மீன் தானாக வந்திருக்கும்.

இரண்டாவது, துரு. பெசன்ட் நகர், அடையாறு போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று குழாய் இணைப்புகளை அரிப்பது அதிகம். கே.கே. நகர் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் அந்த வகையில் தப்பித்தது. ஆனால் 2015 டிசம்பரில் கடலுக்குப் பதில் அடையாற்று வெள்ளம் வந்தது. ஜாஃபர்கான்பேட்டை, அசோக் நகர், கே.கே. நகர் எனத் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்து, வடிந்தபோது தெருவோரங்களில் மெத்தைகளோடு ஃப்ரிட்ஜ்களும் வந்து நின்றன. கம்ப்ரசர் முழுக்க வெல்டிங் செய்து மூடிய இரும்புப் பானை, வெள்ளம் உள்ளே போகாது. கெட்டது வெளியே இருந்த ரிலே, ஒயர், போர்டு. நன்றாகக் காயவைத்து அவற்றை மாற்றியிருந்தால் ஓடியிருக்கக்கூடியவை பல. சாக்கடை கலந்த நீரில் ஊறிய பெட்டியில் மறுபடி குழந்தையின் பாலை வைப்பதா என்று தூக்கிப் போட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, கேஸ்தான் குறைந்திருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். ஆனால் வழக்கமாகச் சுடும் பக்கச்சுவர் சுடாது. ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்திருக்கும், மற்ற இடம் வெறுமை. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகம் நியாயம். அதற்குப் பிறகு நடக்க வேண்டிய வேலைக்கு ஒரு வரிசை உண்டு. நைட்ரஜனை அழுத்தி அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழ் வருகிறது என்று பார்ப்பது. அந்த இடத்தைப் பற்றவைப்பது. பழைய ஃபில்டரை வெட்டிவிட்டுப் புது ஃபில்டர் வைப்பது. வேக்குவம் பம்ப்பைப் போட்டு அரை மணி நேரமாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. கடைசியாக, பின்பக்க லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனையைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. வேக்குவத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். உள்ளே தங்கிய ஒரு துளி ஈரம் கேபிலரி வாயில் ஐஸாக உறைந்து அடைக்கும். மெக்கானிக்குகள் 'சோக்' என்பது இதைத்தான். கொஞ்ச நேரம் கூலிங், கொஞ்ச நேரம் இல்லை என்று கண்ணாமூச்சி காட்டும். பம்ப் எடுத்து வராதவரிடம் கேஸ் போட்டுக்கொள்ளாதீர்கள். என் அபிப்பிராயத்தில், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

என்ன கேஸ் என்பதும் முக்கியம். பழைய ஃப்ரிட்ஜ்களில் ஆர்-12. ஓசோன் படலத்தை ஓட்டையாக்குகிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக ஒழிந்தது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். இப்போது புது வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சூழலுக்கு நல்லது, அளவும் சில பத்து கிராம்தான். ஆனால் தீப்பற்றக்கூடியது. மூடிய சமையலறையில், பக்கத்தில் அடுப்பு எரிய, அதன் மேல் பற்றவைப்புத் தீயைக் காட்டுவது விளையாட்டில்லை. ஜன்னலைத் திறங்கள், அடுப்பை அணையுங்கள், முடிந்தால் ஃப்ரிட்ஜை பால்கனிக்கே தள்ளிவிடுங்கள்.

வாயு பயம் பழசு. 1920களில் ஃப்ரிட்ஜ்களில் இருந்தவை விஷ வாயுக்கள். பெர்லினில் ஒரு குடும்பமே தூக்கத்தில் கசிவால் இறந்த செய்தியைப் படித்துவிட்டு, ஐன்ஸ்டீனும் அவருடைய இளைய நண்பர் லியோ சிலார்டும் அசையும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார்கள். 1930-ல் அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. கடைக்கு வரவில்லை. அதற்குள் விஷமில்லாத, தீப்பற்றாத ஆர்-12 வகையறா வந்துவிட்டது. அது வேறு வினையைக் கூட்டி வந்தது என்பது அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

நம் ஊரில் உயிர் குடித்தது பெரும்பாலும் வயரிங்தான். 2019 ஜூனில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஃப்ரிட்ஜில் பற்றிய தீயின் புகையில் ஒரே குடும்பத்தில் 3 பேர் இறந்தார்கள். 2022 நவம்பர் 4 அதிகாலை, ஊரப்பாக்கத்தில் நீண்ட நாள் பூட்டியிருந்த ஃபிளாட்டில் ஃப்ரிட்ஜ் வெடித்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 3 பேர் மூச்சுத்திணறி மாண்டார்கள். மின்கசிவு என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. வெளியூரிலிருந்து வந்து, மாதக்கணக்கில் கிடந்த ஃப்ரிட்ஜை ராத்திரி ஆன் செய்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். பகலில், வயரைப் பார்த்து, எலி கடித்திருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பார்த்து, வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது போடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடு சேர்த்துச் செருகுவதும் வேண்டாம்.

கேஸும் சரி, கரண்டும் சரி, ஆனாலும் கூலிங் பற்றவில்லை என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். குளிரை உண்டாக்குவது பாதி வேலை, பிடித்துவைப்பது மீதி. மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் இதற்குச் சாட்சி. ஃப்ரெடரிக் டியூடரின் கம்பெனி, பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸை மரத்தூளில் பொதிந்து, பல மாதக் கடல் பயணத்துக்குப் பின் 1840களில் இங்கே இறக்கிச் சேமித்தது. கம்ப்ரசரும் இல்லை, கேஸும் இல்லை. காற்றுப் புகாமல் மூடியது ஒன்றுதான் வித்தை. நம் வீட்டு ஃப்ரிட்ஜிலோ, ரப்பர் மடிப்பில் கறுப்புப் பூஞ்சை, நான்கு கரப்பான், காய்ந்த பாயசம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் சென்னையின் ஈரக்காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், பாதி ரப்பர்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இடமும் ஒரு காரணம். பழைய ஹவுசிங் போர்டு ஃபிளாட்களின் சமையலறைக்கு ஃப்ரிட்ஜ் என்ற கணக்கே கிடையாது. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி, தலையில் பூப்போட்ட உறை, அதன் மேல் அரிசி டின். சூட்டை வெளியே விட வழியில்லாத ஃப்ரிட்ஜ் குளிராது. லேபிளில் 'டி' என்ற எழுத்து இருந்தால் 43 டிகிரி வெளிச்சூடு வரை தாங்கும்படி செய்தது. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. அடுப்போரம் அதைவிடக் கூட.

இப்படி மூச்சுமுட்டி ஓடும் ஃப்ரிட்ஜ், மாவுக்கு முன்னால் ஈ.பி. கணக்கிலும் தெரியும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண விகிதமே மாறிவிடும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். புது ஏ.சி. வாங்காமலே கோட்டைத் தாண்டிவிட்டால், ஓயாமல் ஓடும் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்படலாம்.

ரிப்பேர் நடக்கும் வரை என்ன செய்வது? கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை கீழ்த்தட்டுச் சாமான் பயமில்லை. அதற்குமேல் பால், மீன், கறி, சமைத்த குழம்பு விஷயத்தில் மூக்கை நம்ப வேண்டாம். மாவு புளித்தால் ஊத்தப்பம் ஆகும், மீனுக்கு அந்த வசதி இல்லை. இன்சுலின் வைத்திருப்பவர்கள் உஷாராக வேண்டும். திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி தேவை. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் கேளுங்கள், ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். அவசரத்துக்கு, தண்ணீரில் நனைத்த மண்பானைக்குள் ஈரம் படாமல் டப்பாவில் வைத்துவிட்டு டாக்டருக்கு போன் போடலாம்.

வாரண்டி அட்டையை எடுத்து வைத்துப் படிப்பது நல்லது. பத்து வருஷம் என்று கொட்டை எழுத்தில் இருப்பது பொதுவாகக் கம்ப்ரசருக்கு மட்டும். முதல் வருஷம் கழிந்த பிறகு அதை மாற்றும் கூலி, கேஸ், ஃபில்டர், வண்டிச் செலவெல்லாம் நம் கணக்கு என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். உதிரி கிடைக்காது, புதுசு வாங்குங்கள் என்று இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே மத்திய அரசு 2022 டிசம்பரில் தனி இணையவாசல் திறந்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் பல அதில் உண்டு.

எப்போது கைகழுவுவது? லீக் நுரைச் சுவருக்குள் புதைந்த குழாயில் என்றால் வெளியே காயில் மாட்டி ஓட்டலாம், ஆறேழு வயசு வரை அதற்கு மதிப்புண்டு. பன்னிரண்டு வயசு தாண்டி, கம்ப்ரசரும் மாண்டுவிட்டால் என் ஓட்டு புதுசுக்கு. பழசு எக்ஸ்சேஞ்சிலோ காயலான் கடையிலோ போய்ச் சேரும். அங்கே முதலில் நடப்பது, செம்புக்காகவும் கம்ப்ரசருக்காகவும் குழாயை நறுக்குவது, உள்ளே மிச்சமிருக்கும் கேஸ் அப்படியே காற்றில். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பழைய ஃப்ரிட்ஜ் முறையான மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. புதுசுக்குப் பணம் கட்டும்போதே, பழசு எங்கே போகும் என்று ஷோரூமில் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். தெருவில் சில நாள் நிற்கப்போகிறது என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள், குழந்தைகள் ஒளிந்து விளையாட உள்ளே புகுந்துவிடுவார்கள்.